அம்சவல்லியின் வயிற்றுவலி

அம்சவல்லிக்கு இந்த ஜென்மத்தில் வயிற்றுவலி என்று ஒன்று வந்ததே இல்லை. முழங்கால் வலித்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறிப் பாதம் வெடித்து எரிந்திருக்கிறது. வெயிலில் பாத்தி மினுங்குவதைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசிப்போயிருக்கிறது. வயிறு மட்டும் கல்லைப் போட்டாலும் அரைத்துவிடும். ஆனால் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவள் வீட்டுக்கு வழி கேட்டால், "யாரு, வயித்துவலி அம்சாவா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பட்டத்தை அவளுக்குக் கொடுத்தவர் ஒரு போலீஸ்காரர். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பரப்பியவர் அவளுடைய முதலாளி.

அம்சவல்லி உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள். பாத்தியில் பூத்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவிப்பது, குவித்ததைக் கூடையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டுவது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் வேலை. புருஷன் மாயவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே மகன் குயிலாப்பாளையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறான். எப்போதாவது வந்து, அம்மாவின் குழம்பில் காரம் அதிகம் என்று குறை சொல்லிவிட்டுப் போவான்.

அளத்தில் அம்சவல்லி பெயர் வாங்கியது உழைப்பால் அல்ல, வாயால். மேஸ்திரி இடுப்பில் கைவைத்து நடப்பதை நடந்து காட்டுவாள். பக்கத்து வீட்டிலிருந்து அளத்துக்குக் கூட வரும் அருக்காணி போனில் தன் மருமகளைப் பற்றிப் பேசுவதை அதே குரலில் பேசிக் காட்டுவாள், அருக்காணியின் முன்னாலேயே. அவள் வாயில் விழாமல் தப்பித்தவர்கள் வெளிநாடு போனவர்கள் மட்டும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அந்த வாய் நின்றுபோனது.

தூக்கம் போனது முதலில். பிறகு பசி போனது. சோறு வாயில் மண்ணாய் உருண்டது. குளித்துவிட்டுத் தலை துவட்டுவதே ஒரு கூடை உப்பைத் தூக்குவதுபோலக் கனத்தது. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தால் மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆகிவிடும். என்ன நினைத்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரையும் கிண்டல் செய்யவில்லை. யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

வீட்டிலும் தெருவிலும் இதனால் ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. "எம் பொண்டாட்டி திருந்திட்டாப்பா" என்று மாயவன் டீக்கடையில் சொன்னான். எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டான் என்று இரண்டு பேர் ஆர்வமாய் விசாரித்தார்கள்.

அவள் சொல்லாமலும் இல்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "நான் இல்லன்னா நீ இன்னாய்யா பண்ணுவ?" என்று மாயவனைக் கேட்டாள்.

"இன்னொண்ணு கட்டிக்குவேன்" என்றான் அவன். நல்ல நகைச்சுவை என்று அவனே சிரித்தும்கொண்டான்.

அருக்காணியிடம், "எங்கனா போயிடலாம்னு இருக்குதுக்கா" என்றாள்.

"திருப்பதிக்கு வேன் பேசறாங்கடி. உன் பேரையும் சேக்கச் சொல்லவா?" என்றாள் அருக்காணி.

அந்த வாரமே ஒரு காலையில் அம்சவல்லி உயிரை விட முயன்றாள். என்ன செய்தாள், எப்படிச் செய்தாள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அதைக் கண்ணால் பார்த்ததுபோல விவரிக்க ஊரில் ஆள் இருக்கிறது. அவர்களில் ஒருவர்கூட அப்போது அங்கே இல்லை. இருந்தவள் அருக்காணி ஒருத்திதான். சல்லடை கேட்டு வந்தவள் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. மாயவனின் லோடு ஆட்டோவில், காலி மீன் பெட்டிகளுக்கு நடுவே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டாள்.

கண் விழித்த மறுநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"எதுக்கும்மா இப்டிப் பண்ண?"

"தெரியல சார்."

"தெரியலன்னு நான் எழுத முடியாதும்மா. வீட்டுக்காரரு குடிச்சிட்டு வந்து அடிச்சாரா?"

கட்டிலின் கால்மாட்டில் நின்ற மாயவன் பாதியாகச் சுருங்கினான்.

"எப்பனா குடிக்கும். அடிக்காது சார். என் வாய்க்கு பயம்."

"மாமியார் கொடுமையா?"

"அது போயி எட்டு வருஷம் ஆவுது."

"வேற எதுனா... தொடர்பு, கிடர்பு?"

"இந்த வெடிச்ச கால வச்சிக்கிட்டா சார்?"

போலீஸ்காரர் பேனாவால் காதைக் குடைந்தார். அவருக்கு வேறு இரண்டு வார்டுகளுக்குப் போகவேண்டியிருந்தது. "சரி, வயித்து வலின்னு போட்டுக்கறேன். தீராத வயிற்றுவலி. எல்லாருக்கும் வசதி."

"எனக்கு வயிறு வலிக்கலயே சார்."

"உனக்கு வலிக்க வேணாம்மா. எழுதறதுக்கு."

அன்றிலிருந்து அவளுக்கு வயிற்றுவலி.

வீட்டுக்குத் திரும்பியதும் வைத்தியம் படையெடுத்தது. ஓமத் தண்ணீர் ஒருத்தி கொண்டுவந்தாள், மாதுளம் ஓட்டுப் பொடி ஒருத்தி, மோரில் கரைத்த பெருங்காயம் ஒருத்தி. கீழ்புத்துப்பட்டுக் கோயில் திருநீறு வயிற்றில் பூசப்பட்டது. வெந்தயத்தை விழுங்கி விழுங்கி உண்மையிலேயே வயிறு வலித்துவிடுமோ என்று அவளுக்கு பயம் வந்தது.

வைத்தியம் தராதவர்கள் ஆறுதல் தந்தார்கள். "பெத்த புள்ளைய நெனச்சுப் பாத்தியா?" என்று கேட்டார்கள். மகனை மறந்துபோய்த்தான் இப்படிச் செய்துவிட்டாள், இவர்கள் ஞாபகப்படுத்த வந்திருக்கிறார்கள். "எங்களுக்கு இல்லாத கஷ்டமா?" என்று ஆரம்பித்த இருவர், யாருடைய கஷ்டம் பெரியது என்று தங்களுக்குள் மோதி, நடுவில் உட்கார்ந்திருந்த அம்சவல்லியை மறந்தே போனார்கள். ஒருத்தி எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து, காதருகே குனிந்து, "அந்த நேரத்துல எப்டி இருந்துச்சு?" என்று ரகசியமாய்க் கேட்டாள்.

மாயவன் வேறு தினுசாக மாறினான். கழிவறைக் கதவின் தாழ்ப்பாளைத் திருகிக் கழற்றிவிட்டான். அவள் உள்ளே போனால் வெளியே நின்றுகொண்டு, "அம்சா, இருக்கியா?" என்பான்.

"இருக்கேன்யா. போ."

கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "அம்சா?"

"ஒரு மனுஷி நிம்மதியா ஒண்ணுக்கு இருக்க முடியுதா இந்த வீட்ல!"

அப்படி அவள் கத்தியதைக் கேட்டு அவன் வாசல்படியில் உட்கார்ந்து அழுதான். அவள் கத்தி எத்தனையோ நாளாகியிருந்தது.

உருப்படியாய் உதவியது ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் இருந்த வினோதினி என்ற பெண். புதன்கிழமைதோறும் டாக்டரும் அவளும் வருவார்கள். நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவது வினோதினியின் வேலை. சின்ன வயசு, ஒல்லி, எப்போதும் மூக்கடைப்பு. முதல் நாள் எதிரே உட்கார்ந்து அவள் ஏன் என்று கேட்கவில்லை. "இப்பவும் சாவணும்னு தோணுதாக்கா?" என்று கேட்டாள்.

அம்சவல்லிக்குக் கோபம்தான் வந்தது. இந்த நண்டுக்குஞ்சு என்ன கேட்கிறது பார் என்று வாயைத் திறந்தாள். அழுகை வந்தது. வீட்டுக்கு வந்துபோன அத்தனை பேரில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. கேட்டால் வந்துவிடும் என்று பயந்தார்களோ என்னவோ. "தோணுது" என்றாள். சொன்ன பிறகு, தலைச்சுமையை யாரோ ஒருபக்கம் தாங்கிப் பிடித்த மாதிரி இருந்தது.

"இதுக்கு எதுனா பேரு இருக்குதா பாப்பா?"

"இருக்குதுக்கா. மனச்சோர்வுன்னு சொல்லுவாங்க."

"சோர்வா? என்ன யாரோ கழுத்தப் புடிச்சி சேத்துல முக்கி வச்சாங்க. பேரு வச்சவனுக்கு வந்திருக்காது."

வினோதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். மாத்திரை கொடுத்தார்கள். முதலில் வாய் உலர்ந்தது, பகலெல்லாம் தூக்கம் வழிந்தது, இதற்குப் பெருங்காயமே மேல் என்று அம்சவல்லி திட்டினாள். "நிறுத்திடாதீங்க, திட்டிக்கிட்டே சாப்புடுங்க" என்றாள் வினோதினி. சில வாரம் கழித்து ஒரு காலை கருவாட்டுக் குழம்பு வாசனை மூக்கில் ஏறியது. பசித்தது. அதற்கப்புறமும் மோசமான நாட்கள் வந்தன, போயின.

இந்த இடத்தில்தான் முதலாளி காசிலிங்கம் வருகிறார்.

காசிலிங்கம் அவள் வேலை செய்யும் அளத்தின் சொந்தக்காரர். மனைவி இல்லை, ஒரே மகள் சந்தியா பெரிய முதலியார்சாவடியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மிச்சமிருக்கும் நேரத்தில் அவர் விடியல் நல்வாழ்வு மன்றத்தின் நிறுவனத் தலைவர். கொசு ஒழிப்பு, தலைக்கவசம், நெகிழி ஒழிப்பு என்று மன்றம் வரிசையாக ஒழித்துக்கொண்டே வந்தது. எதுவும் ஒழியவில்லை, சால்வைதான் சேர்ந்தது. அந்த வருஷம் தற்கொலைத் தடுப்பு.

விழாவுக்கு உயிருள்ள உதாரணம் ஒன்று தேவைப்பட்டது. தன் அளத்திலேயே ஒன்று இருப்பது காசிலிங்கத்துக்கு ஞாபகம் வந்தது. அம்சவல்லியைக் கேட்கவில்லை, மாயவனைக் கூப்பிட்டுச் சொன்னார். கூட்டத்துக்குப் பிறகு பிரியாணி உண்டு என்பதாலும், கிண்டல் செய்யக் கொஞ்சம் விஷயம் கிடைக்கும் என்பதாலும் அவள் போனாள்.

மேடையின் பின்னால் பெரிய பிளெக்ஸ் பேனர். நடுவில் காசிலிங்கத்தின் முகம், ஒரு பாத்தி அகலம். சுற்றிலும் செயலாளர் மணிவண்ணன் முதல் மன்றத்தினர் முகங்கள், எல்லாரும் கல்யாண வீட்டில் நிற்பதுபோலச் சிரித்துக்கொண்டு. கீழே அச்சடித்த கடைக்காரரின் போன் நம்பர். அதற்கும் கீழே, எறும்பு வரிசைபோல, மனம் உடைந்தவர்கள் கூப்பிட வேண்டிய அரசாங்க நம்பர்.

சிறப்பு விருந்தினர் பேசினார். "தற்கொலை என்பது கோழைத்தனம்!" கைதட்டல். "இதோ, தீராத வயிற்றுவலியால் அந்தக் கோழைத்தனத்துக்குத் துணிந்து, இன்று மீண்டு வந்திருக்கும் நம் சகோதரி!" அதைவிடப் பெரிய கைதட்டல். காசிலிங்கம் சால்வை போர்த்தினார். போட்டோகிராபருக்குச் சரியாக விழவில்லை என்று எடுத்து மறுபடியும் போர்த்தினார். ஏதாவது பேசச் சொன்னார்கள். "வணக்கம். நல்லா இருக்கேன்" என்றாள் அம்சவல்லி. அதற்கும் தட்டினார்கள்.

அதன் பிறகு பள்ளிக்கூடம், காலேஜ், கல்யாண மண்டபம் என்று எங்கே கூட்டம் நடந்தாலும் வேனில் மைக் செட்டோடு அவளையும் ஏற்றினார்கள். வினோதினி, "புடிக்கலன்னா போவாதீங்கக்கா, உங்களக் காட்சிப்பொருளா வச்சிருக்காங்க" என்றாள். பிடிக்கவில்லைதான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பாயைத் தோளில் சால்வையாகப் போட்டுக்கொண்டு காசிலிங்கம் பேசுவதைப் பேசிக் காட்டுவாள். "நாம் ஒவ்வொருவரும்! ஒவ்வொருவரையும்! உற்று நோக்க வேண்டும்!" மாயவன் இருமல் வரும்வரை சிரிப்பான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இந்த வருஷம் வெயில் ஏறிய பிறகு, கீழ்புத்துப்பட்டில் ஒரு கூட்டம். முடிந்ததும் எல்லாரையும் போட்டோவுக்கு நிறுத்தினார்கள். "தலைவரே, நடுவுல வாங்க" என்றார் மணிவண்ணன்.

"நீங்க எடுங்கப்பா" என்றார் காசிலிங்கம். தனியாகப் போய் வேப்பமரத்தடியில் நின்றார்.

கேமராவைக் கண்டால் சாவு வீட்டில்கூடத் தலையைக் கோதிக்கொள்கிற மனிதர். மணிவண்ணன் நெகிழ்ந்துபோய், "தலைவரு ரொம்ப எளிமையாயிட்டாரு" என்றார். அம்சவல்லி வேனில் ஏறியும் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அளத்திலும் அவர் மாறியிருந்தார். உப்பில் ஒரு மண்கட்டி தெரிந்தால் வரப்பு அதிரக் கத்துகிறவர், இப்போது காலையில் வந்து கொட்டகையில் உட்கார்ந்து, ஓடாத மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மேட்டில் குவித்த உப்பை மூட மறந்ததில், கோடை மழையில் பாதி கரைந்துபோனது. எல்லாரும் தலையைக் குனிந்து வசவுக்குக் காத்திருந்தார்கள். "போவட்டும் விடுங்க" என்றுவிட்டு அவர் போய்விட்டார்.

"மொதலாளி திருந்திட்டாருடி" என்றாள் அருக்காணி.

கூடையைத் தூக்கிய அம்சவல்லி அப்படியே கீழே வைத்தாள். இதே வார்த்தையைத்தான் அவளைப் பற்றியும் ஊர் சொல்லியிருந்தது.

அடுத்த வாரம் அவர் வீட்டிலிருந்த சால்வைகளையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்து பெண்களுக்குக் கொடுத்தார். "இனிமே எனக்கு எதுக்கு?" என்றார். பெண்கள் சந்தோஷமாய் வாங்கிச் சும்மாடு சுற்றினார்கள், ஜன்னலுக்குத் திரை தைத்தார்கள். அம்சவல்லிக்கு இரண்டு கிடைத்தன. கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மாயவனிடம் சொன்னாள். "அவருக்கு இன்னா கொற? நீ கம்முனு கெட. வேலைய உட்டுத் தூக்கிடுவாரு" என்றான். மணிவண்ணனிடம் சொன்னாள். "தலைவருக்கா? அவருதாம்மா மன்றமே!" என்று சிரித்துவிட்டு, தற்செயலாய் ஞாபகம் வந்ததுபோல அடுத்த கூட்டத்துக்கு அவளைச் சீக்கிரம் வரச் சொன்னார். ஒவ்வொருவரையும் உற்று நோக்கச் சொன்ன மன்றத்தில் தலைவரை உற்று நோக்க ஆளில்லை.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் சோற்று வாளியைத் திறந்தபோது, அம்சவல்லி கொட்டகைக்குப் போனாள். போகிற வழியெல்லாம் வினோதினி எப்படிக் கேட்டாள் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவர் முன்னால் போய் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"இன்னா அம்சவல்லி?"

"மொதலாளி... நீங்க தூங்கறீங்களா?"

"இன்னாது?"

"ராவுல தூக்கம் வருதான்னு கேட்டேன்."

"ஏன், பாட்டுப் பாடித் தூங்கவைக்கப் போறியா? போ, போய் சாப்புடு."

அவள் போகவில்லை. முந்தானை நுனியை முறுக்கினாள். பிறகு ஒரே மூச்சில், "மொதலாளி, உங்களுக்கு சாவணும்னு தோணுதா?" என்றாள்.

காசிலிங்கம் எழுந்தார். முகம் சிவந்தது. "யார்கிட்ட இன்னா கேக்கற? மேடையில நாலு தபா ஏத்தினதும் டாக்டராயிட்டியா? நான் சொல்லிக் குடுத்தத என்கிட்டயே திருப்பிக் கேக்கறியா?"

 பயத்தில் அவள் வாய் தன்பாட்டுக்கு உளறியது. "இல்ல மொதலாளி... வயிறு வலிக்குதா?"

அவர் வெறித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். வெகுநாளைக்குப் பின் சிரிக்கிறவரின் சிரிப்பு. துருப்பிடித்த பம்பு இழுப்பது மாதிரி இருந்தது. சிரித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தார், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அது சிரிப்பாய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கீழே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு காரணமும் இல்ல அம்சா" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "அதான் அசிங்கமா இருக்குது. பொண்ணு நல்லா இருக்கா. அளம் நல்லா ஓடுது. காரணம்னு ஒண்ணு இருந்தா வெளிய சொல்லலாம். காலைல எழுந்தா ஏன்டா எழுந்தோம்னு இருக்குது. ஊருக்கெல்லாம் மேடை போட்டுச் சொன்னவன் எனக்கே இப்டின்னு சொன்னா சிரிக்க மாட்டாங்க?"

"சிரிப்பாங்க மொதலாளி" என்றாள் அவள். பொய் சொல்ல வரவில்லை. "என்னப் பாத்து சிரிக்கல? கொஞ்ச நாளு சிரிப்பாங்க. அப்பறம் வேற எவனாவது கெடைப்பான், அவன் கிட்ட போயிடுவாங்க."

 வெளியே வாளிகள் மூடும் சத்தம் கேட்டது. கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "எதுனா யோசிச்சி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

 அவர் பார்வை ஓரத்திலிருந்த பூட்டிய அறைப் பக்கம் போய்த் திரும்பியது.

"சாவியக் குடுங்க."

"எந்தச் சாவி?"

"எல்லாச் சாவியும். வண்டிச் சாவியும் சேத்து."

இருபது வருஷமாக அவளுக்குக் கட்டளை போட்ட மனிதர், பள்ளிக்கூடப் பையன்போலக் கொத்தை எடுத்து நீட்டினார். அதை அவள் இடுப்பில் செருகிக்கொண்டு வினோதினிக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அன்று புதன்கிழமை இல்லை.

"மொதலாளி, அந்த நம்பர் இன்னா?"

"எந்த நம்பரு?"

"அதான், நம்ம பேனர்ல போடுவமே. மனசு சரியில்லன்னா கூப்புட."

காசிலிங்கம் யோசித்தார். நிறுவனத் தலைவர். எத்தனையோ பேனருக்கு ஒப்புதல் கொடுத்தவர். "மணிவண்ணனுக்குத் தெரியும்" என்றார்.

அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் போன வருஷத்துப் பேனர் எங்கே இருக்கிறது என்று தெரியும். கொட்டகைக்கு வெளியே உப்புக் குவியலின் மேல் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். அவரைத் தனியே விட்டுப் போக மனம் வராமல், "வாங்க" என்று கூட்டிக்கொண்டே போனாள். உச்சிவெயிலில் முதலாளியும் கூலிக்காரியும் உப்புக் குவியலைச் சுற்றிக் குனிந்து தேடினார்கள். மேட்டின் மேலே காசிலிங்கம் பாத்தி அகலத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே நின்ற காசிலிங்கம் அதைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார். அச்சுக் கடைக்காரர் நம்பர்தான் முதலில் கிடைத்தது. உப்பைத் துடைத்த பிறகு அதன் அடியில் எறும்பு வரிசை தெரிந்தது: 14416.

"எழுத்து ரொம்ப சின்னதா இருக்குது" என்றார் காசிலிங்கம்.

"நீங்கதான் உங்க மூஞ்சிக்கு எடம் பத்தலன்னீங்களாமே."

கொட்டகைக்கு வந்து போட்டாள். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் குரல் தமிழில் வணக்கம் சொன்னது. போனை அவரிடம் கொடுத்தாள். அவர் தொண்டையைச் செருமி, முதுகை நிமிர்த்தி, "அனைவருக்கும் வணக்கம். விடியல் நல்வாழ்வு மன்றத்தின் நிறுவனத் தலைவர்..." என்று தொடங்கினார். அம்சவல்லி முறைத்தாள். அவர் நிறுத்தினார். முதுகு மெல்ல வளைந்தது.

"தூக்கமே இல்லம்மா" என்றார்.

அதற்கப்புறம் அவர் வெகுநேரம் பேசினார். அவள் காது கேட்காத தூரத்தில், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். தூரத்தில் வரப்பின் மேல் நின்று அளமே வேடிக்கை பார்த்தது. அருக்காணியின் வாய் அசைந்துகொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

போன் வைத்ததும் மகளுக்குச் சொல்லச் சம்மதித்தார். தானே சொல்ல முடியாது என்றார். அம்சவல்லி சொன்னாள். சந்தியா புருஷனோடு காரில் வந்து இறங்கினாள், கொட்டகை வாசலிலேயே அம்சவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்கா? அப்பாவுக்கு என்னங்க கொற?"

"அத மட்டும் அவரு கிட்ட கேக்காதம்மா. பக்கத்துல உக்காரு. தனியா உடாத. அப்பறம், இந்தா, சாவி. அந்த ரூம உன் வீட்டுக்காரர உட்டுத் தெறக்கச் சொல்லு."

அன்று சாயங்காலமே பாண்டிச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காசிலிங்கத்தைச் சேர்த்தார்கள். ஊருக்குச் செய்தி வந்தது: முதலாளிக்கு லேசான நெஞ்சுவலி. கூலிக்காரிக்கு வந்தால் வயிற்றுவலி, முதலாளிக்கு வந்தால் நெஞ்சுவலி. உறுப்பில்கூட மேல் கீழ் உண்டு என்று அம்சவல்லி அன்றுதான் தெரிந்துகொண்டாள். மணிவண்ணன் தற்காலிகத் தலைவரானார். முதல் கூட்டத்தைத் தலைவர் நலம்பெற வேண்டி நடத்தினார். சுவர் மாதிரி பேனர், நடுவில் மணிவண்ணன். தலைப்பு டெங்கு.

கொட்டகையில் இருவரும் தனியாக உட்கார்ந்திருந்த கதை அதற்குள் டீக்கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. மாயவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "உன்னையும் மொதலாளியையும் சேத்துப் பேசறானுங்க" என்றான்.

"நீ இன்னா சொன்ன?"

"அவ மேல சந்தேகப்பட எனக்கு தைரியம் இல்லடான்னேன்."

அவள் சிரிப்பாள் என்று பார்த்தான். அவள் அவனுக்குக் குழம்பு ஊற்றிவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

காசிலிங்கம் திரும்பி வந்தபோது இளைத்திருந்தார். அம்சவல்லிக்கு நன்றி சொல்லவில்லை. அவள் இருக்கும் பாத்திப் பக்கமே வரவில்லை. எதிரே வந்தால் வானத்தைப் பார்த்தார். அவளுக்கு அது புரிந்தது. அருக்காணியை அவளும் அப்படித்தான் பல மாதம் தவிர்த்தாள். பிறகு ஒருநாள் காலை உப்பில் மண்ணைப் பார்த்துவிட்டு, மேஸ்திரியின் பரம்பரையையே இழுத்து அவர் கத்தினார். பெண்கள் சோர்ந்துபோனார்கள். "பழைய குருடி ஆயிட்டாருடி" என்றாள் அருக்காணி. அன்று அளத்தில் சந்தோஷமாய் இருந்தது அம்சவல்லி ஒருத்திதான்.

பாண்டிச்சேரி டாக்டர் நல்ல டாக்டர்தான், ஆனால் உட்காரும் முன்பே எழுதி முடித்துவிடுகிறார் என்று காசிலிங்கத்துக்குக் குறை. அவருக்குப் பேச வேண்டும். அதனால் இப்போது புதன்கிழமைகளில் அரசு ஆஸ்பத்திரிக்கே வருகிறார். அடையாளம் தெரியாமலிருக்கத் தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு மனநலப் பிரிவு வாசலில் கடைசி பெஞ்சில் உட்காருகிறார். போகிற வருகிறவர்களெல்லாம், "வணக்கம் மொதலாளி" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

போன புதன் அம்சவல்லிக்கும் மாத்திரை வாங்கும் நாள். காலில் கட்டுப் போட வந்த ஒரு அம்மாள், பெஞ்சில் இடம் பிடித்துக்கொண்டு காசிலிங்கத்தைக் கேட்டாள். "யாருக்குங்க முடியல?"

"இவளுக்கு" என்று காசிலிங்கம் சட்டென்று அம்சவல்லியைக் காட்டினார். "கூட வந்தேன்."

அம்சவல்லி அவரைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ சொல்லலாம், நாக்கு நுனியில் நான்கைந்து வரிசையில் நின்றன. அதற்குள் கதவு திறந்தது. வினோதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எட்டிப்பார்த்து, "காசிலிங்கம்!" என்று கூடமே கேட்கக் கூப்பிட்டாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். அந்த அம்மாளைப் பார்த்தார். "எனக்கும்தாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

"பாக்க நல்லாத்தானே இருக்காரு. அவருக்கு இன்னாவாம்?" என்றாள் அந்த அம்மாள்.

"வெளிய வருவாரு, அவரையே கேளுங்க" என்று அம்சவல்லி காலியான இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "பஸ்ஸு எதுனா புடிக்கணும்னா மட்டும் கேக்காதீங்க. ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு."